கட்டைவிரலில் குண்டூசி இல்லை

என் காலைக் கெடுத்தது நீங்கள்தான், அண்ணாச்சி. தி. நகர் கடையில் பட்டுப் பிரிவுக்கு நீங்கள் மேனேஜர். நான் உங்களுக்குக் கீழே புடவை விரித்துப் போட்டவன்.

வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். பட்டுப் பிரிவில் வெள்ளைத் துணி விரித்த மேடைமேல் வெறுங்காலோடு நின்றுதான் வேலை. மடிப்பைப் பிரிக்கும்போது குண்டூசி விழும். குனிந்து தேடினால் திட்டு விழும். யாராவது அதை மிதிப்பார்கள். ஆகவே அந்த மாடியில் யார் கால்விரல் வீங்கினாலும் ஊசி குத்திவிட்டது என்றுதான் அர்த்தம். வேறு அர்த்தம் கிடையாது.

எனக்கு முதலில் வந்தது ஆடித் தள்ளுபடியின்போது. படுக்கும்போது நன்றாக இருந்த கால். விடிந்து பார்த்தால் இடது கட்டைவிரலின் அடிமூட்டு சிவந்து, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு, தொட்டால் சுட்டது. போர்வை நுனி பட்டதற்கே கத்திவிட்டேன். நானும் ஊசி என்றுதான் நினைத்தேன். குத்திய நினைவு இல்லை, துளைத்த தடமும் இல்லை. அதை அன்றைக்கு யார் யோசித்தார்கள்?

ஆதம்பாக்கத்திலிருந்து கிளம்பி, மாம்பலம் ஸ்டேஷன் படியைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் மிதிபட்டு வந்து உங்கள் முன்னால் நின்றேன். நீங்கள் காலைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

“ஊசிதாம்லே ஏறியிருக்கும். ஒரு டிடி போட்டுட்டு வந்து நில்லு. கூட்டத்தப் பாக்கேல்ல?”

கடைக்கு வாடிக்கையான டாக்டர் அந்த டிடி தடுப்பூசியைப் போட்டார். பிறகு விரலைக் கீறித் தேடினார். ரத்தம்தான் வந்தது. உள்ளே ஒடிந்து தங்கியிருக்கும் என்றார். ஒரு வாரத்தில் வீக்கம் தானாக வடிந்து தோல் உரிந்தது. ஊசி கரைந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். இரும்பு கரையுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் மைக்கை எடுத்து, “ஊசித்தம்பி டூட்டிக்கு வந்தாச்சு” என்றீர்கள். வாடிக்கையாளர்கள்கூடச் சிரித்தார்கள். அதுவே என் பெயராகிவிட்டது.

தீபாவளிக் கூட்டத்தில் அதே விரல், அதே நெருப்பு. மறுபடி டிடி, மறுபடி கீறல். அடுத்த முறை கணுக்காலிலும் வந்தது. ஊசி உன்னை மட்டும் தேடி வந்து குத்துகிறதா, நிற்கச் சோம்பேறித்தனமா என்று கேட்டீர்கள். வேலையாட்கள் உட்காரலாம் என்று சட்டம் வந்ததும் நாலு ஸ்டூல் வாங்கிப் போட்டீர்கள். அவற்றின்மேல் புடவைப் பெட்டிகள்தான் உட்கார்ந்திருந்தன.

என் மனைவிதான் சண்டை போட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அங்கிருந்த டாக்டரம்மா, வலி திடீரென்று வந்ததா, ஒரே மூட்டிலா, தானாகப் போய்த் திரும்பி வந்ததா என்று கேட்டார். பிறகு, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் என்றார். காலையில் வீட்டில் ஒரு டம்ளர், சாப்பாட்டோடு ஒரு டம்ளர் என்றேன். ஏன் என்றார். தண்ணீர் குடித்தால் ஒன்றுக்கு வரும், அதற்கு மேனேஜரிடம் டோக்கன் வாங்க வேண்டும், ஒரு பிரிவுக்கு ஒரே டோக்கன், அதை வாங்குகிறவனை எல்லார் முன்னாலும் கிண்டல் செய்வார்கள் என்றேன்.

ரத்தம் பார்த்தார்கள். யூரிக் அமிலம் ஏறி மூட்டில் உப்பாகப் படிந்திருக்கிறது, இதற்கு கவுட் என்று பெயர் என்றார். தண்ணீர் ஒன்றுதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. அப்பா வழியில் வந்திருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை குடல் கறியும் பீரும் சேர்ந்திருக்கலாம், ஆனால் உடம்பு வறண்டு கிடந்தால் வலி சுலபமாகக் கிளம்பும் என்றார். கீறிய தழும்பைப் பார்த்து, இதை யார் செய்தது என்று கோபப்பட்டார். முதல் வீக்கத்திலேயே வந்திருந்தால் மாத்திரையில் அடங்கியிருக்கும் என்றார். இப்போது மூட்டு அரித்துப்போய்விட்டது. நின்று செய்யும் வேலை எனக்கு இனிமேல் இல்லை.

என் கதை முடிந்தது என்று பேசாமல்தான் இருந்தேன். நேற்று மாம்பலம் டீக்கடையில், மேடையில் என் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தேன். நொண்டிக்கொண்டு வந்தான்.

“கட்டவிரல் நெருப்பு மாரி எரிஞ்சிகினு கீது நைனா. ஊசின்றாரு அண்ணாச்சி. வெள்ளிக்கிழம கீறிப் பாக்க இட்டுனு போறாங்களாம்.”

“குத்துனது பாத்தியா?”

“இல்ல.”

போகாதே, அரசு ஆஸ்பத்திரிக்கு வா என்றேன். போகாவிட்டால் வேலைக்கே வர வேண்டாம் என்று நீங்கள் சொன்னதாகச் சொன்னான். அவனுக்கும் அந்தக் காலை விட்டால் பிழைப்பு இல்லை.

வியாழக்கிழமைதோறும் ஷட்டர் தூக்கும் முன் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி மைக்கில் பேசுவீர்கள், அண்ணாச்சி. அவனைக் கீறுவதற்கு முந்தின நாளான இந்த வியாழக்கிழமை, அதே மைக்கில், எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள். அவன் விரலுக்குள் எந்த ஊசியைப் பார்த்துவிட்டுக் கீறச் சொல்கிறீர்கள்? டோக்கன் இல்லாமல் ஒரு மனுஷன் தண்ணீர் குடித்துவிட்டு ஒன்றுக்குப் போகலாமா, கூடாதா? என்னைக் கேலி செய்ய அந்த மைக் உங்களுக்குக் கிடைத்தது அல்லவா, பதில் சொல்லவும் அதையே எடுங்கள்.