பத்தாவது பேட்டி

முதுகலை இரண்டாம் ஆண்டில் ஆய்வறிக்கை ஒன்று எழுத வேண்டும். நான் எடுத்த தலைப்பு மரக்காணம் உப்பளத் தொழிலாளர்களின் வாழ்க்கை. பத்துப் பேரைப் பேட்டி எடுத்து, அவர்கள் சொன்னதை ஆங்கிலத்தில் கொடுக்க வேண்டும். ஒன்பது பேரை முடித்துவிட்டேன். பத்தாவது ஆள் என் அப்பா.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவிடம் எதைப் பேச ஆரம்பித்தாலும், “நீ படிச்சவன், உனக்குத் தெரியாததா?” என்பார். கிண்டலாக இல்லை, மனதாரச் சொல்வார். அதற்குமேல் பேச்சு நகராது. வகுப்பிலும் என் ஆங்கிலத்தை நினைத்து வாயைத் திறக்க மாட்டேன். புதுச்சேரிக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எல்லாவற்றையும் போனில் ஏஐயிடம்தான் கேட்பேன். இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், செமினாரில் முதல் வரியை எப்படி ஆரம்பிப்பது. ஒருநாள் கீழ்புத்துப்பட்டு தாண்டும்போது, சாப்பிட்டாயா என்றுகூட அதைக் கேட்டிருக்கிறேன்.

துறையில் ஏஐக்குத் தடை இல்லை. என் ஆய்வுக்கு வழிகாட்டியான மேடமே அதை வகுப்பில் திரையில் போட்டு, எப்படிக் கேள்வி கேட்பது, அது சொல்வதை எப்படிச் சரிபார்ப்பது என்று நடத்தினார். எதற்குப் பயன்படுத்தினோம் என்று அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

அறிக்கை கொடுக்க இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம், கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். விடியுமுன்னே உப்புப் பாத்தியில் இறங்கியவர், சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பியிருக்கலாம். எழுப்பி, ‘உங்கள் தொழிலைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று சொந்த அப்பாவிடம் எந்த முகத்தோடு கேட்பது? நான்கடி தள்ளி உட்கார்ந்தேன். ஐம்பது வயது உப்பளத் தொழிலாளி ஒருவர் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதுபோல எழுதித் தா என்று போனில் தட்டினேன். வந்தது. ‘இன்னும் உருக்கமாக மாற்றித் தரட்டுமா?’ என்றும் கேட்டது. சரி என்றேன்.

அந்த அப்பா நன்றாகப் பேசினார். தொழிலைப் பற்றி யாரிடம் பேசுவீர்கள் என்ற கடைசிக் கேள்விக்கு, ‘தினமும் சாயங்காலம் என் மகனிடம்’ என்றார். அந்த வரியை மூன்று தடவை படித்தேன். மற்றதில் இலக்கணப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில், ஏஐயை மொழித் திருத்தத்துக்கு மட்டும் பயன்படுத்தியதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வாய்மொழித் தேர்வான வைவா அன்று மேடம் அறிக்கையைப் புரட்டிக்கொண்டே வந்து பத்தாவது பேட்டியில் நின்றார்.

“இவருதாம்பா பெஸ்ட். இதக் கேளு.” ஆங்கிலத்தில் வாசித்தார். ஒவ்வொரு வருஷமும் வானத்தைப் பார்த்து மழைக்காகக் காத்திருக்கிறேன் என்று அர்த்தம் வரும் வரி. “எங்கப்பாவே பேசற மாதிரி இருக்குது. அவரும் இப்பிடித்தான், வானத்தையே பாத்துட்டு நிப்பாரு.”

மேடத்துக்குக் கிளியனூர்ப் பக்கம். அவர் அப்பாவுக்கு நெல் விவசாயம், மழை வேண்டும். எங்களுக்கு மழை வந்தால் பாத்தியில் விளைந்த உப்பெல்லாம் கரைந்துவிடும். மேகம் கறுத்தால் என் அப்பா வானத்தைப் பார்த்துச் சொல்வதை இங்கே எழுத முடியாது. அந்த வரியைச் சத்தமாகக் கேட்கும்வரை அது தப்பென்று எனக்கு உறைக்கவே இல்லை.

“அது தப்பு மேடம்.”

“எது?”

“மழைக்குக் காத்திருக்கறது. எங்க ஊர்ல யாரும் அப்பிடிச் சொல்ல மாட்டாங்க. உப்பு கரைஞ்சிடும்.”

“அப்ப இவரு ஏன் சொன்னாரு?”

“இவரு சொல்லல மேடம். ஏஐ சொல்லிச்சு.”

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “இங்கிலீஷத் திருத்திக்கத்தானப்பா விட்டோம். ஆளையே உண்டாக்கிட்டியே. மீதி ஒம்பது பேராவது உசுரோட இருக்காங்களா?”

“இருக்காங்க மேடம்.”

“ஒம்பது ரெக்கார்டிங்கும் கொண்டா. வெள்ளிக்கிழமைக்குள்ள பத்தாவது ஆளும் வரணும். இல்லன்னா இந்த வருஷம் உனக்கு டிகிரி இல்ல.” பிறகு என்னைப் பார்க்காமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மறுநாள் காலையில் பாத்திக்குப் போனேன். அப்பா நீளக் கம்பில் கோத்த பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்று போனில் ரெக்கார்டிங்கைப் போட்டேன்.

“உங்கள் வயது?”

“என்னாடா, திடீர்னு உங்கள் கிங்கள்னு?”

“இப்பிடித்தாம்ப்பா கேக்கணும்.”

“ஆதார் கார்டுல பாத்துக்க.”

“தொழில்ல பெரிய கஷ்டம் எது?”

“மழ.”

“அப்புறம்?”

“மழதாண்டா. வேற என்னா?”

இதற்கு ஏஐ எட்டு வரி எழுதியிருந்தது. கேள்விகள் வேகமாகத் தீர்ந்தன. கடைசிக் கேள்விக்கு வந்தேன்.

“தொழிலப் பத்தி யார்கிட்ட பேசுவீங்க?”

பலகை நின்றது. அப்பா போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“யாரு கேக்கறா?” என்றார். திரும்பவும் வார ஆரம்பித்தார்.

அதை நானே ஆங்கிலத்தில் எழுதினேன். கேள்வியாகவே விட்டுவிட்டேன். பேட்டி அரைப் பக்கம்கூட வரவில்லை. கடைசிப் பக்கத்தில், ‘ஒன்பது பேட்டிகளுக்கு மட்டும் மொழித் திருத்தம்’ என்று மாற்றினேன். வெள்ளிக்கிழமை மேடம் அந்த அரைப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பெஸ்ட் என்று இந்த முறை சொல்லவில்லை.