வயிற்று வலியில் தொடங்கிய ஜப்பான் மொழி

வாத்தியார் இல்லாமல் ஒரு பாஷையைப் படிப்பது, கண்ணாடி இல்லாமல் முகச்சவரம் செய்துகொள்வது மாதிரி. எங்கே வெட்டுப்பட்டிருக்கிறது என்று எதிரே வருகிறவர்கள் சொல்லித்தான் நமக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் சிங்காநல்லூர் பக்கம் பம்புசெட்டுக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கீப்பர். போல்ட்டும் வாஷரும் எடுத்துக் கொடுக்கிற வேலை. தகரக் கூரைக்கு அடியிலிருந்து எப்படியாவது ஆபீஸ் அறைக்குள் போய்விட வேண்டும் என்பது என் ஆசை. என் வயதுக்காரர்கள் எல்லாம் அதற்காகக் காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனார்கள். போட்டி இல்லாத படிப்பாகப் பார்த்து நான் ஜப்பான் மொழியைப் பிடித்தேன். அந்தக் கணிப்பு மட்டும் தப்பவில்லை. கோயம்புத்தூர் ஜில்லாவில் எனக்குப் போட்டியாக ஒருவரும் இல்லை. சந்தேகம் கேட்கவும் ஒருவரும் இல்லை. தனியாக உட்கார்ந்து ஏதாவது ஒரு பாஷையோடு மல்லுக்கட்டி நொந்தவர்கள் இதைப் படித்தால் என்னை நம்புவார்கள்.

உக்கடத்துப் புத்தகம்

உக்கடம் பழைய புத்தகக் கடையில் ஒரு புத்தகம் கிடைத்தது. இங்கிலீஷ் வழியாக ஜப்பான் மொழி. கடைசியில் எழுத்து அட்டவணையும் இருந்தது. ஆனால் முதல் நாற்பது பக்கங்கள் இல்லை. வணக்கம், நன்றி, உங்கள் பெயர் என்ன என்பதெல்லாம் அந்த நாற்பது பக்கங்களோடு போய்விட்டன. நாற்பத்தோராம் பக்கத்தில் தலைப்பு 'ஆஸ்பத்திரியில்'. அதனால் நான் கற்றுக்கொண்ட முதல் ஜப்பானிய வாக்கியம் 'ஒனாக்கா கா இத்தாய் தெஸ்'. எனக்கு வயிறு வலிக்கிறது என்று அர்த்தம். ஒரு மாதத்தில் தலைவலி, பல்வலி, முதுகுவலி, காய்ச்சல் எல்லாம் தடையில்லாமல் வந்தன. சுகமாக இருக்கிறேன் என்று சொல்லத்தான் தெரியாது.

வாங்கும்போதே கடைக்காரரிடம் முன்பக்கம் இல்லையே என்று கேட்டேன். அவர் புத்தகத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "முன்னாடி இல்லைன்னா என்னங்க, ஜப்பான்ல அவிய புஸ்தகத்தைப் பின்னாடி இருந்துதான் படிப்பாங்களாமுங்க" என்றார்.

டப்பாக்களின் மேல் சீட்டு

பார்க்கிற பொருளில் எல்லாம் பெயரை எழுதி ஒட்டினால் சீக்கிரம் மனப்பாடம் ஆகும் என்று அந்தப் புத்தகத்திலேயே போட்டிருந்தது. வீட்டில் கதவு, குடம், பீரோ என்று ஒன்றையும் விடாமல் ஜப்பான் எழுத்தில் சீட்டு ஒட்டினேன். சமையலறை டப்பாக்களையும் விடவில்லை. என் மனைவி சரோஜா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை; அப்புறம் பழகிவிட்டாள். அவளுக்கு எந்த டப்பா எங்கே என்று கை சொல்லிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனாரும் மாமியாரும் வந்திருந்தார்கள். சரோஜா கடைக்குப் போயிருந்தாள். மாமியார் காபி போட எழுந்து, "சர்க்கரை எதுங்க மாப்ளே?" என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சீட்டை எழுத்துக் கூட்டி வாசித்து, இதுதான் என்று எடுத்துக் கொடுத்தேன். வாசித்ததில் தப்பில்லை, ஒட்டும்போதுதான் உப்புக்கும் சர்க்கரைக்கும் மாற்றி ஒட்டியிருந்தேன். மாமனார் ஒரு வாய் குடித்தார், கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார், பிறகு டம்ளரைக் காலி செய்துவிட்டுத்தான் கீழே வைத்தார். நான் என் டம்ளரை வாயில் வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தேன். அவர் மரியாதையாகச் சொன்னார்: "காபி நல்லா இருக்குதுங்க மாப்ளே. ஜப்பான்ல இப்படித்தான் போடுவாங்களாட்டம்."

மூன்று எழுத்து

எங்கள் முதலாளி ஜப்பானிலிருந்து பழைய லேத் மெஷின் ஒன்றை வரவழைத்தார். பொத்தானை அமுக்கினால் தானே கடைந்து தள்ளுகிற மெஷின். அது வந்த மரப்பெட்டிக்குள் சிவப்பு எழுத்தில் ஒரு தகரப் பலகையும் கிடந்தது. மூன்றே எழுத்து. நான் ஜப்பான் மொழி படிக்கிற விஷயம் கம்பெனி முழுக்கத் தெரியும் என்பதால் பலகை என்னிடம் வந்தது.

என் அட்டவணையில் இல்லாத அந்த மாதிரிச் சித்திர எழுத்தை, அப்புறம் வாங்கிய அகராதியில் தேட, எத்தனை கோடு இருக்கிறது என்று எண்ண வேண்டும். ஒரு கோட்டை விட்டால் வேறு எழுத்து. நான்கு நாள் எண்ணினேன். முதல் எழுத்துக்கு 'பழைய', இரண்டாவதற்கு 'தடை', மூன்றாவதற்கு 'நடுவில்' என்று அர்த்தம் கிடைத்தது. மூன்றையும் சேர்த்தால் என்ன வரும் என்று தெரியவில்லை. கிடைத்ததை அப்படியே முதலாளியிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடி, 'பழைய தடை... நடுவில்' என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு, "பழைய தடைகளுக்கு நடுவுல நிக்கறவன். எங்கப்பா எனக்குச் சொல்ல வேண்டியதை எவனோ ஜப்பான்காரன் சொல்லிப்போட்டான். இதைக் கண்ணாடி போட்டு என் சீட்டுக்கு மேல மாட்டுங்க" என்றார்.

விமான நிலைய வரவேற்பு

மெஷினைப் பொருத்தி ஓட்டிக் கொடுக்க மோரிதா என்ற இன்ஜினியர் ஜப்பானிலிருந்து வந்தார். ஐம்பது வயதுக்கு மேல், ஒல்லியான மனிதர். அவருக்கு இங்கிலீஷ் பத்துப் பதினைந்து சொல்தான் தெரியும். "மெஷின் ஓடட்டும், உங்களை ஆபீஸுக்கு மாத்தறேன்" என்று முதலாளி எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மாலையும் கையுமாக இரண்டு பேரும் விமான நிலையத்துக்குப் போனோம்.

மோரிதா எதிரே வந்து குனிந்து வணங்கினார். முதலாளி என் முதுகில் தட்டி, பேசுங்க என்றார். படித்ததெல்லாம் எங்கேயோ ஓடிப்போயிற்று. ஒரு வருஷப் படிப்பில் மிச்சமாக நின்றது ஒரே வாக்கியம். அதைத் தெளிவாக, நல்ல உச்சரிப்போடு சொன்னேன். மோரிதா பதறிப்போய் என் தோளைப் பிடித்து ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். கைப்பையைத் திறந்து ஒரு சின்ன புட்டியிலிருந்து மூன்று கறுப்பு உருண்டை மாத்திரைகளை என் உள்ளங்கையில் வைத்தார். எல்லோரும் பார்க்கிறார்களே என்று நான் விழுங்கினேன். கசப்பு காது வரைக்கும் போயிற்று.

முதலாளி என் காதோரம் குனிந்தார். "பாத்தீங்களா, பாஷை தெரிஞ்ச ஆளுக்கு எறங்கினதும் முட்டாய் குடுக்கறாரு. எனக்கும் ஒண்ணு கேட்டு வாங்குங்க."

கேண்டீனில்

மறுநாள் மத்தியானம் மோரிதாவைக் கம்பெனி கேண்டீனில் இலை போட்டு உட்கார வைத்தோம். கேண்டீனை நடத்தியது ராசாத்தி அக்கா. சுத்தத்துக்குப் பேர் போனவர். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் அங்கே ரகளை. மோரிதாவின் இலை துடைத்த மாதிரி இருந்தது. பருப்பு போய்விட்டது, பொரியல் போய்விட்டது, ரசம் இரண்டு தடவை மாறிவிட்டது. அவர் பாவம், ஒவ்வொன்றையும் ஒரு வாய் ருசி பார்த்து, தலையை ஆட்டி, "ஈ... ஈ..." என்றிருக்கிறார். ராசாத்தி அக்கா ஒவ்வொரு தடவையும் இலையைக் குனிந்து பார்த்து, ஈ அகப்படாமல், எதற்கும் இருக்கட்டும் என்று வழித்து எடுத்துவிட்டு வேறு வைத்திருக்கிறார். புதிதாக வைத்ததற்கும் மோரிதா சந்தோஷமாக "ஈ" என்றிருக்கிறார். அக்கா அழுகிற நிலைக்கு வந்துவிட்டார்.

அவர்கள் பாஷையில் ஈ என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், உங்கள் சமையலைத்தான் பாராட்டுகிறார் என்று சொன்னேன். இந்த ஒன்று எனக்கு உண்மையாகவே தெரிந்திருந்தது. அக்கா கரண்டியை வைத்துவிட்டு யோசித்தார். "சரீங்க. நல்லா இருக்கறதுக்கே ஈன்னு சொன்னா, நெசமாலுமே ஈ உழுந்தா என்னங்க சொல்லுவாங்க?"

முதலாளி தலைக்கு மேல்

மூன்றாம் நாள் மோரிதா முதலாளியின் அறைக்கு முதன்முதலாக வந்தார். உட்காரவில்லை. முதலாளியின் தலைக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் மாலை போட்டிருந்த பலகையைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். மறுபடி பலகை, மறுபடி முதலாளி. பிறகு என் பக்கம் திரும்பி, முதலாளியை மெதுவாகச் சுட்டிக்காட்டி, "ரிப்பேர்?" என்று கேட்டார்.

பையிலிருந்த அகராதியை எடுத்து அவசரமாகப் புரட்டினேன். அந்த மூன்று எழுத்தையும் முதலிலேயே சேர்த்துத் தேடியிருந்தால் நான்கு நாள் அலைய வேண்டியிருந்திருக்காது. 'பழுது, உபயோகத்தில் இல்லை' என்பதுதான் பலகை. ஜப்பானில் அந்த மெஷின் ஓடாமல் நின்ற காலத்தில் அதன் கழுத்தில் தொங்கியிருக்கிறது. என்ன சொல்கிறார் என்று முதலாளி கேட்டார். மழுப்பலாம் என்று நினைத்தேன். மோரிதா அதற்குள், பழுது என்று காட்ட, இரண்டு கையையும் குறுக்கே வைத்துவிட்டார். உள்ளதைச் சொல்லிவிட்டேன். ஆபீஸ் வேலை போனது போனதுதான் என்று நின்றேன்.

முதலாளி நாற்காலியோடு திரும்பிப் பலகையைப் பார்த்தார். "அது ஒண்ணும் பொய் சொல்லலீங்க. ரெண்டு மாசமா எனக்கு இடுப்பு புடிச்சுக் கெடக்குது. அங்கயே இருக்கட்டும்" என்றார்.

இடது, வலது

மெஷின் பொருத்துவதில் எங்கள் பக்கத்து ஆள் ஃபிட்டர் ரங்கசாமி. மோரிதா சொல்வதை நான் ரங்கசாமிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். 'மிகி' என்றால் வலது, 'ஹிதாரி' என்றால் இடது. எனக்கு இது தெரியும். ஆனால் மோரிதா எனக்கு எதிரே நின்று சொல்லும்போது அவருடைய வலதா, என்னுடைய வலதா, மெஷினுடைய வலதா என்று குழப்பம் வரும். அதற்குள் அவர் 'கொஞ்சம்' என்பார், நான் 'இன்னும்' என்று சொல்லிவிடுவேன். வேலை தொடங்கிய முதல் நாள் எண்ணெய் பீய்ச்சி மூன்று பேரும் குளித்தோம். இரண்டாம் நாள் ஒரு நல்ல இரும்புத் தண்டு திருகுபோல ஆயிற்று. ரங்கசாமி அதை ஓரமாகப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தார்.

மூன்றாம் நாள் காலையில் சரக்கு லாரி வந்துவிட்டதால் நான் ஸ்டோர்ஸுக்குப் போக வேண்டியதாயிற்று. பதறியடித்து ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தேன். மெஷின் பூனை மாதிரி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் கவிழ்த்த டிரம் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எப்படி என்று கேட்டேன். மோரிதா விரலால் காட்டினாராம், இவர் செய்தாராம். ரங்கசாமி எனக்கும் ஒரு டீ நீட்டினார். "தப்பா நெனைக்காதீங்க. லாரி நேத்தே வந்திருந்தா மெசினும் நேத்தே ஓடியிருக்குமுங்க."

சான்றிதழ்

மோரிதா ஊருக்குக் கிளம்புகிற அன்று முதலாளி என்னைக் கூப்பிட்டார். "உங்க ஜப்பான் பாஷை எப்படி இருக்குதுன்னு இவரைக் கேளுங்க" என்றார். கேட்க வேண்டியதும் நான்தான், பதிலை மொழிபெயர்க்க வேண்டியதும் நான்தான். கேட்டேன். மோரிதா கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிஷம் பேசினார். நடுவில் ஒரு தடவை பெருமூச்சு விட்டார். எனக்குப் புரிந்தது இரண்டே சொல்: 'அகராதி', 'தினமும்'. நான் முதலாளியிடம், "நன்றாக இருக்கிறதாம்" என்றேன். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தேன்.

முதலாளி என்னையும் மோரிதாவையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தெரியாமல் இல்லை. "அஞ்சு நிமிசப் பேச்சை ரெண்டே சொல்லுல முடிச்சுப்போட்டீங்க. ஆபீஸுல லெட்டர் எளுதறதுக்கு இப்படித்தான் ஆள் வேணும். நாளைக்கு வந்து சேருங்க."

காரமடைக்காரர்

அதற்கப்புறம் பல வருஷம் கழித்து, ஜப்பான் பாஷை தெரிந்த ஆள் என்று யாரோ சொல்லி, காரமடையிலிருந்து ஒரு ரிட்டயர்டான பஸ் கண்டக்டர் என்னைத் தேடி ஆபீஸுக்கே வந்தார். கப்பலில் வேலை பார்க்கிற சொந்தக்காரர் ஒருவர் அவருக்கு விதை கொண்டுவந்து கொடுத்திருந்தார். படம் போட்ட உறை வழியிலேயே கிழிந்துபோய், உள்ளே இருந்த சீட்டு மட்டும் மிச்சம். அதில் நான்கு எழுத்து. என்ன செடி என்று தெரிய வேண்டும் என்றார்.

இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. ஒவ்வொரு எழுத்தாக அட்டவணையில் பார்த்து, இரண்டு தடவை சரிபார்த்து, சேர்த்து வாசித்தேன். கியாபெத்சு. கேபேஜ். முட்டைக்கோசு. ஒருவருடைய தயவும் இல்லாமல் ஜப்பான்காரர்கள் அச்சடித்த ஒரு சொல்லை நான் முதன்முதலாகப் பிழையில்லாமல் படித்த நாள் அது. உடம்பு சிலிர்த்துப்போய் அவரிடம் சொன்னேன். அவர் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. சீட்டை வாங்கி நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "அப்படீங்களா? மொளைச்ச எலையைப் பாத்து முள்ளங்கின்னு நெனைச்சு, கெழங்கு எறங்கிருச்சான்னு தெனமும் ஒண்ணு புடுங்கிப் பாத்தனுங்க. நேத்தோட தீந்து போச்சு."

வாத்தியார் இல்லாமலே ஒரு பாஷையைப் படித்துவிடலாம் என்பதற்கு நானே சாட்சி. என்ன, அந்தப் பாஷையைப் பேசுகிறவர்களும் பக்கத்தில் வராமல் இருந்தால் இன்னும் நன்றாகப் படிக்கலாம்.