பதினோரு விநாடி இருட்டு

ஹாலிவுட்டை ஒட்டிய பர்பேங்கில் எங்கள் அலுவலகத்தில் வெர்னா ஹாலிடே என் பக்கத்து மேஜைக்காரி. பத்தொன்பது வருடமாகக் காது கேளாதவர்களுக்காகத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு சப்டைட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். பாத்திரங்கள் பேசுவதை எழுதிவிட யாராலும் முடியும். பேச்சில்லாத இடத்தில் கேட்கிற சத்தத்தை நாலு சொல்லில் எழுதுவதில்தான் ஆளின் தரம் தெரியும். நான் 'கதவு கிறீச்சிடுகிறது' என்று எழுதுகிற இடத்தில் அவள் 'துருப்பிடித்த கதவு, தயங்கித் திறக்கிறது' என்று எழுதுவாள். இந்த ஊரில் பாதிப் பேர் சினிமாவில் பெயர் வாங்க வந்தவர்கள். வெர்னாவுக்கு அந்த ஆசை இருந்ததில்லை. அப்படிப்பட்டவளின் பெயர்தான் சந்தி சிரித்தது.

'எட்டாம் நிலாவின் பல் வைத்தியர்' என்று ஒரு தொடர். பெரியவர்களுக்கான கார்ட்டூன். ஒரு பல் வைத்தியர் விண்கலத்தில் கோள் கோளாகப் போய் விசித்திரப் பிராணிகளுக்குப் பல் பிடுங்குவார். பிடுங்கிய பல்லைத் திறந்தால் உள்ளே ஒரு வீடு இருக்கும். வீட்டில் அந்தப் பிராணியின் செத்துப்போன அம்மா உட்கார்ந்து வரிப் படிவம் நிரப்பிக்கொண்டிருப்பாள். இன்னொரு வாரம் வைத்தியரின் இடது கை ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டுப் போய்விடும். ஏன் என்று கடைசிவரை சொல்ல மாட்டார்கள்.

பார்த்தவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு பாதி, "இருபது வருஷத்துல இப்படி ஒண்ணு வந்ததில்ல" என்று பத்துக்குப் பத்து போட்டது. மறுபாதி, "எவனோ கஞ்சா அடிச்சிட்டுக் கண்ட கனவு, இதுக்கு ஒண்ணே அதிகம்" என்று ஒன்று போட்டது. ஐந்தோ ஆறோ போட்ட மனிதரை நான் பார்த்ததே இல்லை.

இரண்டாம் பருவத்தின் கடைசிக் காட்சியில் வைத்தியர் மலை போன்ற ஒரு பிராணியின் வாய்க்குள் விளக்கோடு நுழைகிறார். விளக்கு அணைகிறது. பதினோரு விநாடி வெறும் இருட்டு. அந்த இருட்டில் ஒரு சத்தம். அவ்வளவுதான், பெயர்கள் ஓட ஆரம்பித்துவிடும். தயாரிப்பாளர்கள் அனுப்பிய வசனத் தாளில் அந்த இடத்தில் 'ஒலி' என்று மட்டும் இருந்தது.

வெர்னா அதை நாற்பது தடவை கேட்டாள். என் காதிலும் மாட்டிவிட்டாள். எனக்கு ஏதோ குழாயில் தண்ணீர் அடைத்த மாதிரி இருந்தது.

"குழாயாம் குழாய்! மனுஷக் குரல்டி அது. சிரிக்குது," என்று சொல்லிவிட்டு, 'தூரத்தில் யாரோ சிரிக்கிறார்கள்' என்று எழுதி அனுப்பினாள்.

ஒளிபரப்பான இரண்டாம் நாள் யாரோ அந்த வரியைப் படம் பிடித்து இணையத்தில் போட்டார்கள். தீ பற்றிக்கொண்டது. தொடரை வணங்குகிறவர்களுக்கு அது அழுகை. வைத்தியர்தான் தன் அம்மாவைக் கொன்றவராம், அவளுக்காக அழுகிறாராம், மொத்தக் கதையும் அந்த அழுகையில்தான் நிற்கிறதாம். வெறுப்பவர்களுக்கோ வெர்னாவின் வரி வெல்லக்கட்டி. "பாத்தீங்களா? இத்தனை மணி நேரம் உக்காந்து பாத்த நம்மளப் பாத்துதான் சிரிக்கிறான். அவனுங்களே எழுத்துல போட்டுட்டானுங்க!"

எழுதியது யார் என்று யாரோ துருவிக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரே வாரத்தில் அறுநூறு மின்னஞ்சல். "உனக்குக் காதே கேக்காதா?" என்று ஒருவர். "நீங்கதான் உண்மையச் சொன்ன ஒரே ஆளு, பின்வாங்கிடாதீங்க" என்று இன்னொருவர். மூன்றாமவர் ஒலியலையை வரைபடம் போட்டு பதினேழு பக்கம் அனுப்பியிருந்தார்.

அந்த வாரம் வெர்னா பல் சுத்தம் செய்யப் போயிருந்தாள். வாயைப் பிளந்து, உறிஞ்சு குழாயை மாட்டி, கொக்கியை உள்ளே விட்ட பிறகு பல் சுத்தம் செய்கிற பெண் குனிந்து மெதுவாகக் கேட்டாளாம்: "தப்பா எடுத்துக்காதீங்க. பேரைப் பாத்தேன். அது அழுகைதானே?"

"வாயில ரெண்டு கையையும் விட்டுக்கிட்டுக் கேக்குறா! நான் 'ஆ ஆ'ங்குறேன், அவ ஆமான்னு எடுத்துக்கிட்டா!" என்று மறுநாள் மேஜையைத் தட்டிக்கொண்டு சொன்னாள் வெர்னா.

அதைவிடப் பெரிய தலைவலி அவள் தம்பி கிளேட்டன். கிளென்டேலில் லாரி மெக்கானிக். முன்கையில் வைத்தியரின் பல்லைப் பச்சை குத்திக்கொண்டவன். ஞாயிறு மதியம் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. அன்று நானும் போயிருந்தேன். அடுப்பிலிருந்து வெந்த இறைச்சியை எடுத்து வைக்கக்கூட அவன் விடவில்லை.

"ஏன்க்கா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"எதுக்குடா கேக்கணும்? பத்தொன்பது வருஷமா உன்னைக் கேட்டா எழுதுறேன்?"

"அவர் அழுறாருக்கா! முதல் பருவம் நாலாவது கதையில அந்தக் கிண்ணம் உடைஞ்சுதுல்ல, அதுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கு!"

"கிண்ணம் உடைஞ்சுது. 'கிண்ணம் உடைகிறது'ன்னு எழுதினேன். என் வேலை முடிஞ்சுது. உக்காந்து சாப்பிடு."

"கடையில பசங்க என்னைக் கேலி பண்றாங்க. உன் அக்காதான் படத்தையே கெடுத்தான்னு."

"அப்ப அந்தப் பசங்க வீட்டுலயே போய்ச் சாப்பிடு!"

அவன் எழுந்து போயே போய்விட்டான். அடுத்த மூன்று ஞாயிறும் வரவில்லை. வெர்னா கோபத்தில் உருளைக்கிழங்கை மசித்த மசிப்பில் கரண்டி வளைந்துவிட்டது.

அந்தச் சண்டைக்கு மறுநாள், திங்கட்கிழமை, எங்கள் மேலாளர் டெல்பர்ட் வந்தார். நல்ல மனிதர். யார் கத்தினாலும் அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார் என்பதுதான் குறை.

"வெர்னா, வம்பே வேணாம். இணையத்துல இருக்கிற பிரதியில 'தெளிவற்ற ஒலி'ன்னு மாத்திடுவோம்."

"தெளிவில்லன்னு எழுதுறதுக்கு நான் எதுக்கு டெல்பர்ட்? காது கேக்காதவன் முகத்துல கதவைச் சாத்துற மாதிரி அது. கேக்குறவனெல்லாம் அடிச்சுக்கிறான், உனக்கு ஒண்ணும் கிடையாது, போன்னு சொல்ற மாதிரி. மாத்த மாட்டேன்."

அவள் சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் புதன்கிழமை வந்த ஒரு கடிதம் அவள் காலை வாரிவிட்டது. ஓரின் நகசோனே என்று ஒருவர், ஃப்ரெஸ்னோவிலிருந்து. பிறவியிலேயே காது கேளாதவர், அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திட்டவும் இல்லை, புகழவும் இல்லை. "அந்தச் சத்தம் என்னவென்று ஊரே சண்டை போடுகிறது. கேட்கிற காது இருப்பவர்களுக்கெல்லாம் கேள்வி கிடைத்தது. எனக்கு மட்டும் நீங்கள் விடையைக் கொடுத்துவிட்டீர்கள். எனக்கு ஏன் அந்தச் சண்டை இல்லை?" என்று எழுதியிருந்தார்.

வெர்னா அதை மூன்று முறை படித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். "அறுநூறு பேரும் முட்டாப்பயலுக. இந்த ஆளு சொல்றது மட்டும் சரியா இருக்கு. அதான் எரிச்சலா இருக்கு," என்றாள்.

அன்று மதியமே தொடரின் ஒலி அமைப்பாளர் பெத்ரோஸ் மெல்கோனியானைத் தேடிப் போனோம். வீட்டுக் கார் கொட்டகைதான் அவருக்கு ஒலிக்கூடம். வெர்னா பெயரைச் சொன்னதும் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அம்மா தாயே, நீங்கதானா அது!"

"அது என்ன சத்தம்? சிரிப்பா, அழுகையா? சொல்லிடுங்க, நான் நிம்மதியாப் போயிடுறேன்."

"எங்க அத்தை ஒரு கல்யாணத்துல சிரிச்சது ஒண்ணு. அதே அத்தை ஒரு இழவு வீட்டுல அழுதது ஒண்ணு. ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு, எது எதுன்னு எனக்கே பிடிபடாத அளவுக்கு அரைச்சேன். மூணு வாரம்! நீங்க மூணே வார்த்தையில சோலிய முடிச்சிட்டீங்க."

"தாள்ல 'ஒலி'ன்னு மட்டும் எழுதி அனுப்பினா நான் ஜோசியமா பாக்க முடியும்?"

"அதை எழுதினது நான் இல்ல!"

"யாரும் இல்ல! எதையும் யாரும் எழுதல! திட்டு வாங்க மட்டும் நான்!"

கொஞ்ச நேரம் இருவரும் மாறி மாறிக் கத்தினார்கள். பிறகு அவர் காபி போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை வெர்னா புதிய வரியை எழுதினாள்: 'தூரத்தில் ஒரு குரல். சிரிக்கிறதா, அழுகிறதா என்று தெரியவில்லை.' திரையில் அது மூன்று வரி பிடித்தது. இரண்டு வரிக்கு மேல் கூடாது என்பது எங்கள் விதி. டெல்பர்ட் விதிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பதினோரு விநாடி இருட்டு டெல்பர்ட். மூணு வரி என்ன, பைபிளையே போடலாம்," என்றாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

அமைதி வரும் என்று நினைத்தோம். வரவில்லை. சிரிப்புக் கட்சி அவளைக் கோழை என்றது, விலைபோய்விட்டாள் என்றது. அழுகைக் கட்சிக்கும் திருப்தியில்லை. கிளேட்டன் மூன்று வாரம் கழித்து முதல்முறையாகத் தொலைபேசியில் கூப்பிட்டான். மன்னிப்புக் கேட்கத்தான் என்று நினைத்து அவள் ஆசையாக எடுத்தாள்.

"எல்லாம் சரிக்கா. ஆனா 'சிரிக்கிறதா'ங்கிறதை ஏன் முதல்ல போட்ட?"

"டேய்!"

"இல்ல, 'அழுகிறதா'ன்னு முதல்ல போட்டிருந்தா..."

"ஞாயித்துக்கிழமை வந்து சேரு. வாயைத் திறந்தா கரண்டியாலேயே அடிப்பேன்," என்று வைத்துவிட்டாள். அவன் வந்தான். வாயைத் திறந்தான். அடியும் வாங்கினான், சாப்பிடவும் செய்தான்.

பத்து நாள் கழித்து ஃப்ரெஸ்னோவிலிருந்து மறுபடி கடிதம். வெர்னா உரக்கப் படித்தாள்: "புதிய வரியைப் பார்த்தேன். அது அழுகை என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. என் மனைவி லூசிலுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அவள் சிரிப்பு என்கிறாள். சொன்னால் புரிந்துகொள்ளும் அறிவு அவளுக்கு இல்லை. இரண்டு நாளாகச் சாப்பாட்டு மேஜையில் நாங்கள் கையை அசைத்துப் பேசிக்கொள்வதில்லை. மிக்க நன்றி."

"போச்சு! இந்த மனுஷனும் அந்தக் கூட்டத்துல சேந்துட்டாரு!" என்று பேனாவை வீசினாள். ஆனால் எழுதிய அத்தனை பேரில் அவருக்கு மட்டும்தான் அவள் பதில் எழுதினாள். என்ன எழுதினாள் என்று என்னிடம் காட்டவில்லை.

அடுத்த மாதம் மூன்றாம் பருவத்தின் முதல் கதை சப்டைட்டில் எழுத எங்களிடம் வந்தது. தாளில் பதினான்கு இடத்தில் 'ஒலி', 'ஒலி' என்றே இருந்தது. வெர்னா எண்ணிப் பார்த்துவிட்டு, எழுந்து, டெல்பர்ட்டிடம் ஒரு வாரம் விடுப்பு சொல்லிவிட்டு, கிளேட்டனைக் கூட்டிக்கொண்டு மலைமேல் ஏரியில் மீன் பிடிக்கப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது அந்தக் கோப்பு வைத்த இடத்திலேயே இருந்தது. நான் உட்பட அலுவலகத்தில் ஒருவரும் அதைத் தொடத் துணியவில்லை.