கெசட்டை மாற்ற எந்த ரெக்கோடர் நல்லது?

வீடியோ கெசட்டை டிவிடிக்கு மாற்றிக் கொடுக்கும் கடைக்கு ஆட்கள் பெரும்பாலும் வீட்டில் யாரோ ஒருவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் வருவார்கள்.

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட, ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது என் கடை. முன்பு ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். அதை மூடியபோது முதலாளி ஒரு பழைய டெக்கை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். டெக் என்றால் கெசட்டைப் போட்டுப் பார்க்கும் பெட்டி. அதிலிருந்து வருகிற படத்தை டிஸ்க்கில் பதிய ஒரு டிவிடி ரெக்கோடர் வேண்டும். டெக் இனாமாக வந்துவிட்டது, இனி ரெக்கோடர் ஒன்றைப் பார்த்து வாங்கினால் தொழில் நடக்கும் என்று நினைத்தேன். உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலேயும் நாலு கெசட் தூசி பிடித்துக் கிடந்தால், இந்தத் தொல்லையில் உங்களுக்கும் பங்கு உண்டு.

ஜப்பான் பெட்டி

முதல் ரெக்கோடரைப் பிலிமத்தலாவையில் வாங்கினேன். ஜப்பானில் பாவித்துக் கழித்த சாமான்களைக் கொண்டுவந்து விற்கும் கடை அது. முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்டி கன்னங்கரேலென்று கண்ணாடி மாதிரி மின்னியது. படத்தை முதலில் உள்ளேயே சேமித்து, வேண்டாத இடத்தை வெட்டி, பிறகு டிஸ்க்கில் பதியலாம். ரிமோட்டில் எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. அந்த நாட்டு மின்சாரம் வேறு என்பதால் கூடவே ஒரு ட்ரான்ஸ்ஃபோமரும் வாங்கச் சொன்னார். வாங்கினேன். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் வீட்டுக் கெசட் ஒன்றைத்தான் முதலில் போட்டுப் பார்த்தேன். என் தம்பியின் கல்யாணம். மாப்பிள்ளையும் பெண்ணும் கறுப்பு வெள்ளையில் மேலிருந்து கீழே உருண்டுகொண்டே இருந்தார்கள். வயரைக் கழற்றி மாட்டினேன், டெக்கைத் துடைத்தேன், உருளுவது நிற்கவில்லை. ஜப்பானில் படம் ஓடுகிற முறை வேறு, இலங்கையில் ஓடுகிற முறை வேறு என்பதை அன்றைக்குத்தான் ஒரு ரிப்பேர்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன். பெட்டியையும் கெசட்டையும் தூக்கிக்கொண்டு திரும்பவும் பிலிமத்தலாவைக்குப் போனேன். ஹாஜியார் சண்டைக்கு வரவில்லை. இஞ்சி போட்டுப் பிளேன்டீ கொடுத்தார். கெசட்டைத் தன் கடை டெக்கில் போட்டு, என் பெட்டி வழியாக டிவியில் ஓடவிட்டு, என் தம்பி உருளுவதைக் கொஞ்ச நேரம் கவலையோடு பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தங்கச்சி, பெட்டியில ஒரு பிழையும் இல்ல. ஜப்பான்காரன் அவன்ட ஊட்டுக் கலியாணத்தப் பாக்கச் செஞ்சது. எங்கட கலியாணம் அதுக்கு வெளங்கல்ல."

ரெண்டும் ஒன்றாய்

இரண்டாவது தடவை புதுப் பெட்டியே வாங்கினேன். ஒரு பக்கம் கெசட், மறுபக்கம் டிஸ்க், எல்லாம் ஒரே உடம்பில். வயர் தொல்லை கிடையாது, ஒரு பொத்தானை அமத்தினால் கெசட் டிஸ்க்காகிவிடும். பழைய டெக்கைத் துணி போட்டு மூடி மூலையில் வைத்தேன்.

அந்தப் பெட்டியை நம்பி வந்தவர்களில் ஒருவர் பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த பாக்கியம் அம்மா. கெசட்டைத் துவாயில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். மகனுடைய கல்யாணக் கெசட். ஆனால் அவர் பார்க்க விரும்பியது மகனை அல்ல, கலாவை. கலா அவருடைய கடைசி மகள். அண்ணன் கல்யாணம் முடிந்த அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோனாள். அடையாள அட்டைப் படத்தைத் தவிர வீட்டில் அவளுடைய படம் ஒன்றும் இல்லை என்றார்.

பன்விலக் குளிரும் ஈரமும் உங்களுக்குத் தெரியாததல்ல. கெசட்டுக்குள் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, நாடாவைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தேன். தாலி கட்டும் பகுதி ஒன்றோடொன்று ஒட்டிக் கிழிந்துபோயிருந்தது. பந்தி நடக்கும் பகுதி மட்டும் ஓடியது. அதுவும் பாதியில் நின்றுவிட்டது. பூஞ்சணம் போய்ப் பெட்டியின் உள்ளே அப்பிக்கொண்டது. கெசட் பக்கத்தைத் திருத்த வேண்டுமென்றால் நல்லாயிருக்கிற டிஸ்க் பக்கத்தையும் சேர்த்துத்தான் ரிப்பேர் கடையில் ஒப்படைக்க வேண்டும். ஒரே உடம்பாய் வாங்கினால் வருகிற வினை இது.

பதிந்த வரைக்கும் பாக்கியம் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். பந்தியில் நீலத் தாவணி கட்டிய ஒரு பெண் சாம்பார் வாளியோடு குனிந்து வருகிறாள். கேமரா கிட்டப் போனதும் வெட்கப்பட்டுச் சட்டென்று கையால் முகத்தை மூடிக்கொள்கிறாள். கேமரா அவளைத் தாண்டிப் போய்விடுகிறது. அவ்வளவுதான் கலா. முகம் தெரியிற மாதிரி வேறு இடம் கிடைக்குமா என்று பெட்டியைத் திருத்திய பிறகு பார்க்கலாம் என்று ஏதோ சொன்னேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"அவ அப்படித்தான் மிஸ். படம் புடிக்கிறாங்கன்னா கையத்தான் காட்டுவா."

மூடாத டிஸ்க்

அதற்குப் பிறகு டெக் தனி, ரெக்கோடர் தனி என்று முடிவெடுத்தேன். மூன்றாவதாக வாங்கிய ரெக்கோடர் எங்கள் நாட்டு முறைக்குச் சரியானது. விலையும் தாங்கக்கூடியது. ஆனால் டிஸ்க்கில் பதிந்து முடிந்ததும் கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. டிஸ்க்கை மூட வேண்டும். மூடாவிட்டால் அது பதிந்த பெட்டியில் மட்டும் ஓடும், வேறு எங்கேயும் ஓடாது. சில பெட்டிகள் தானாக மூடிக்கொள்ளும். என்னுடையதும் அந்த இனம் என்றுதான் விற்றவர் சொன்னார்.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு டீச்சர் வந்து தன் கல்யாண டிஸ்க்கை வாங்கிப் போனார். ஓடவில்லை என்று திரும்பி வந்தார். என் கடையில் போட்டால் அழகாக ஓடியது. உங்கள் ப்ளேயரில்தான் கோளாறு என்று அனுப்பினேன். அவர் புது ப்ளேயர் வாங்கி, அதிலும் ஓடாமல், மறுபடி படியேறி வந்தார். கோபப்படுகிற ஆள் இல்லை அவர். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலில்தான் கேட்டார்:

"மிஸ், உங்க கடையில மட்டும் ஓடுற கல்யாணத்த வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

அனுமதி இல்லை

அதே ரெக்கோடருக்கு இன்னொரு குணமும் இருந்தது. கடையில் விற்கும் சினிமாக் கெசட்டைக் களவாகப் பிரதி எடுக்கக்கூடாது என்று அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் வீட்டுக் கெசட் பழசாகிப் படம் ஆடத் தொடங்கினால் அதையும் சினிமாக் கெசட் என்று சந்தேகப்பட்டு, பதிய அனுமதியில்லை என்று திரையில் எழுதிவிட்டு நின்றுவிடும்.

சிவபாலன் ஐயா வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஊர் யாழ்ப்பாணம், மாற்றலாகி வந்து கண்டியிலேயே தங்கிவிட்டார். அவர் கொண்டுவந்தது அவருடைய ஊர் வீட்டைச் சுற்றிச் சுற்றி எடுத்த கெசட். மச்சான் வெளிநாட்டிலிருந்து வந்தபோது புதுக் கேமராவைப் பழகுவதற்காக எடுத்ததாம். வேறு விசேஷம் ஒன்றும் அதில் இல்லை. குசினி, கிணற்றடி, மாமரத்துக்குக் கீழே போட்ட கதிரை, கதிரையில் அவருடைய அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருப்பது. பிறகு சண்டையில் வீடு தரைமட்டமாகிவிட்டது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட அவரிடம் இருந்தது இந்தக் கெசட் மட்டும்தான்.

ரெக்கோடர் அவருடைய முற்றம் வரைக்கும் பதிந்தது. வாசற்படியைத் தாண்டிக் கேமரா உள்ளே நுழைந்ததும் படம் ஒருமுறை ஆடியது. உடனே அனுமதியில்லை என்று நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப அதே இடத்தில்தான் நின்றது. ஆடும் படத்தை நேராக்கும் சின்னப் பெட்டி ஒன்றை நடுவில் மாட்டினால் சரிவரும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கொழும்பிலிருந்து எடுப்பித்து மாட்டினேன். வீடு முழுவதும் பதிந்தது, நிறம் மட்டும் கொஞ்சம் வெளிறிப்போனது. ஆனால் அந்த முதல் நாள்தான் எனக்கு மறக்கவில்லை. திரையில் இருந்த ஆங்கில எழுத்தை அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொருமுறை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"பிள்ளை, அது என்ர வீடு. படம் எடுத்தது என்ர மச்சான். இனி நான் ஆரிட்டைப் போய் அனுமதி கேக்கிறது?"

கேமராவுக்குப் பின்னால்

கம்பளையில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒருவருடைய மகள் றிஹானா. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். வாப்பா மௌத்தாகி, தகப்பனுக்கு நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த கையோடு ஒரு பை நிறையக் கெசட்டுகளோடு வந்தார். சவூதியில் வேலை செய்த காலத்தில் வாப்பா கேமரா வாங்கி வந்து, வீட்டில் நடந்த எல்லாவற்றையும் அவரே படம் பிடித்திருக்கிறார். வாப்பா இருக்கும் இடங்களை மட்டும் எடுத்து ஒரே டிஸ்க்கில் போட்டுத் தரச் சொன்னார்.

ஒவ்வொரு கெசட்டாகப் பார்த்தேன். உம்மா இருந்தார், தம்பிமார் இருந்தார்கள், பெருநாள் சாப்பாடு இருந்தது, றிஹானா பல் விழுந்த வாயோடு இருந்தார். வாப்பா ஒரு இடத்திலும் இல்லை. கேமராவை அவர் வேறு யார் கையிலும் கொடுத்ததாகத் தெரியவில்லை. இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே அவரை வரச் சொன்னேன். வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். கெசட்டை எப்படியும் பாருங்கள் என்று ஒன்றைப் போட்டேன்.

படத்தில் சின்ன றிஹானா ஒரு தூணுக்குப் பின்னால் நிற்கிறார். கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆணின் குரல், இருட்டில் நிற்காமல் வெளிச்சத்துக்கு வரச் சொல்கிறது. பிள்ளை வருகிறது. இன்னும் கொஞ்சம் கிட்ட வரச் சொல்கிறது குரல். பிள்ளை முகம் திரை முழுதும் நிறையும் மட்டும் கேமரா அசையாமல் நிற்கிறது. றிஹானா அதை மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது தடவையும் பார்த்த பிறகு, எதையும் வெட்ட வேண்டாம், எல்லாவற்றையும் அப்படியே பதிந்து தாருங்கள் என்றார். படியிறங்கப் போனவர் நின்று சொன்னார்:

"வாப்பாட மொகத்தத் தேடித்தான் வந்த மிஸ். வாப்பா எந்நேரமும் எங்களத்தான் பாத்துக் கொண்டு இருந்தீக்கிறாரு."

எதில் போடுவது

இப்போது என்னிடம் இருப்பது நல்ல டெக், நல்ல ரெக்கோடர், நடுவில் அந்தச் சின்னப் பெட்டி. படம் ஆடுவதில்லை, டிஸ்க் மூடாமல் போவதில்லை. இந்த மூன்றும் ஒழுங்காக ஒன்றுசேர்ந்த நேரத்தில் ஊரில் டிவிடி ப்ளேயர்கள் காணாமல் போய்விட்டன.

ரவி என்ற பையன் கண்டியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறான். வீடு கம்பளைக்கு அங்கால். அம்மா அப்பாவின் கல்யாண நாளுக்கு அவர்களுடைய கல்யாணக் கெசட்டை டிஸ்க்காக்கிக் கொண்டுபோனான். அவ்வளவு அருமையாகப் பதிந்த கெசட் என் கையில் அதுவரை வந்ததில்லை. சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து டிவிக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டு ப்ளேயர் எப்போதோ பழுதாகி இரும்புக்காரனுக்குப் போய்விட்டது என்பது அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்திருக்கிறது. பக்கத்து வீடுகளில் விசாரித்திருக்கிறான். யாரிடமும் இல்லை. தங்கையின் லெப்டொப்பில் டிஸ்க் போடும் வாயே இல்லை. கடைசியில் கேக்கை வெட்டிச் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் எழும்பிப் போனார்களாம்.

பென் டிரைவில் போட்டுத் தரச் சொல்லி என்னிடம் வந்தான். கெசட்டைக் கொண்டு வா, புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்றேன். வேலை மும்முரத்தில் அவன் வரவில்லை. நானும் கூப்பிட்டு ஞாபகப்படுத்தவில்லை. பிறகு அவன் வந்தபோது கையில் கெசட் இருந்தது, கன்னத்தில் சவரம் செய்யாத தாடி இருந்தது. அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அம்மா பார்க்க வேண்டும் என்கிறாராம். பென் டிரைவில் பதியும் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, தன் அப்பா மாலையைச் சரிசெய்துகொண்டு சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் திரும்பாமல் சொன்னான்:

"அன்னைக்கு அப்பா சிரிச்சிக்கிட்டே கேட்டாரு அக்கா, 'கெசட்டா இருந்தப்பவும் பாக்க முடியல, டிஸ்க்கா ஆனப்புறமும் பாக்க முடியல, அப்ப எதுக்குடா மாத்துன?'ன்னு."

எந்த ரெக்கோடர் நல்லது என்று இன்றைக்கும் யாராவது போனில் கேட்டால், பார்க்க வேண்டிய ஆள் வீட்டில் இருக்கும்போது கையில் கிடைக்கிற பெட்டிதான் நல்ல பெட்டி என்று சொல்கிறேன், அவர்களோ விலையைத்தான் கேட்கிறார்கள்.