பிடுங்கிய வயரை மறுபடி மாட்டிய தலைமையாசிரியை

எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் இணையம் படுத்துக்கொண்டபோது அக்கா ஆறாம் ஆண்டு, நான் நான்காம் ஆண்டு. மலேசியாவில் லிங்கி பக்கம், செம்பனை மரங்களுக்கு நடுவே இருந்த சின்னப் பள்ளி. மற்றப் பள்ளிகளோடு இணையத்தில் நடக்கும் புதிர்ப்போட்டி மறுநாள். அக்காவும் அணியில் இருந்தாள். பழுது பார்ப்பவரோ அடுத்த வாரம்தான் வருவேன் என்றுவிட்டார். லைன் வராவிட்டால் விலகிக்கொள்ள வேண்டியதுதான் என்று தலைமையாசிரியை காலைக் கூட்டத்தில் சொன்னார்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. எங்கள் மாமா சிரம்பானில் ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் வயர் இழுப்பவர். விடுமுறையில் அவரோடு சுற்றியதில் இவளுக்குத் தானும் பாதி இஞ்சினியர் என்ற நினைப்பு. ஓய்வு நேரத்தில் கணினி அறை திறந்து கிடந்தது. நாம் ஒன்றும் பூட்டை உடைக்கவில்லையே என்று எனக்கு நியாயம் சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். வயர்களெல்லாம் வந்து சேரும் பெட்டியில் விளக்குகள் வெறிபிடித்தாற்போல் சிமிட்டிக்கொண்டிருந்தன. தொங்கிய வயர் ஒன்றின் முனையை யாரோ நல்ல எண்ணத்தோடு அதே பெட்டியில் செருகியிருந்தார்கள். ஒரே வயரின் இரண்டு முனையும் ஒரே பெட்டியில்; போனதெல்லாம் திரும்பித் திரும்பி அங்கேயே வந்து லைனை அடைத்துக்கொண்டிருந்தது. அக்கா ஒரு முனையைப் பிடுங்கினாள். விளக்குகள் அடங்கின. கணினியைத் திறந்து பார்த்தால் இணையம் ஓடியது.

வெளியே வந்தபோது ஆபீஸ் வேலை பார்க்கும் பள்ளிக் கிராணி வாசலில் நின்றார். எங்களை நேரே தலைமையாசிரியையிடம் கூட்டிப்போனார்; அம்மாவுக்கும் போன் போனது.

சுங்கை காடுட் தொழிற்சாலையிலிருந்து அம்மா வேலை உடுப்போடு மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். அக்காவைப் பள்ளியைவிட்டே நிறுத்திவிடுவார்கள் என்று நான் அழத் தொடங்கியிருந்தேன்.

தலைமையாசிரியை சத்தம் போடவில்லை. "சரியாயிடுச்சு, சரி. கெட்டுப் போயிருந்தா?" என்றார்.

"கெட்டுத்தானே இருந்துச்சு, டீச்சர்," என்றாள் அக்கா. அம்மா அவள் கையைக் கிள்ளினார்.

பிறகு தலைமையாசிரியை எங்கள் எல்லாரையும் கணினி அறைக்கு அழைத்துப்போய், எந்த முனை என்று கேட்டார். அக்கா காட்டியதும் அதை எடுத்துத் தன் கையாலேயே மறுபடி மாட்டினார். விளக்குகள் பழையபடி வெறிபிடித்தன; வந்த இணையம் போயிற்று. அப்புறம் பழுது பார்ப்பவருக்குப் போன் போட்டு, வயர் இருக்கும் கோலத்தை மலாயில் விவரித்து, பிடுங்கலாமா என்று கேட்டார். அவர் பிடுங்கச் சொன்னார். பிடுங்குவது நான்தான், ரிப்போர்ட்டில் என் பெயரையே போட்டுக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு, பிடுங்கினார். அவ்வளவுதான். எங்களை வகுப்புக்குப் போகச் சொன்னார். இனிமேல் கை வைக்குமுன் கேட்க வேண்டும் என்பதோடு சரி.

மறுநாள் அக்காவின் அணி முதல் சுற்றிலேயே தோற்றது வேறு கதை. வயர் பிடுங்கிய அன்று, பள்ளி முடியும்வரை காத்திருந்த அம்மாவோடு மூவரும் ஒரே மோட்டாரில் போகும்போது, நல்லா இருந்ததைக் கெடுத்து மறுபடி நல்லாக்குறாங்களே என்று அக்கா தலைமையாசிரியை போலவே நடித்துக் காட்ட, செம்பனைக்காடு முழுக்கச் சிரித்துக்கொண்டே போனோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"அந்தம்மா நல்லா இருக்கணும்," என்றார்.

எதற்கு என்று எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை.