வாசிக்காமல் விட்ட நாலு வரி

ஸ்ரீரங்கத்தில், பாதி கட்டியதோடு நின்றுபோன மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு காபி கிளப் இருந்தது. நடுப்பகலில் அங்கே கூட்டம் இராது. கல்லாவுக்கு மேலே பலகையில் ஒரு வானொலிப் பெட்டி. வாரத்தில் ஒரு நாள் அதில் மாதர் நிகழ்ச்சி வரும். அதற்கென்றே வந்து உட்காரும் ஒரே ஆள் நான்தான்.

"தம்பி, இன்னிக்கு வத்தக்குழம்பா, ஊறுகாயா?" என்பார் முதலாளி. "உங்களுக்கு வரப்போற பொண்டாட்டி குடுத்து வச்சவ."

நான் பென்சிலைச் சீவுவேன். அறுபதுகளின் தொடக்கம் அது. பி.ஏ. முடித்து வேலையில்லாமல் இருந்தேன். அரசு அலுவலகங்களில் இனித் தமிழ்ச் சுருக்கெழுத்து தெரிந்தவர்களைத் தேடுவார்கள் என்று கேள்விப்பட்டு, தெப்பக்குளத்தருகே ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்திருந்தேன். பேசப் பேச எழுதிப் பழக வேண்டும். செய்தி வாசிக்கிறவர்களின் வேகத்துக்கு என் கை வரவில்லை. மாதர் நிகழ்ச்சியில் பேசுகிறவர்கள் நிதானமாகப் பேசினார்கள். நான் அங்கே போனதற்கு அதுதான் காரணம். உயர்ந்த நோக்கம் ஒன்றும் கிடையாது.

நோக்கம் இருந்தது என் தங்கைக்கு. எஸ்.எஸ்.எல்.சி. தேறி வீட்டில் இருந்தாள். எங்கள் வீட்டில் வானொலி இல்லை. நான் எழுதி வந்ததைச் சரிபார்க்க ஒரு நாள் உரக்க வாசித்தபோது, அரிசி களைந்துகொண்டிருந்தவள் ஈரக் கையோடு வந்து நின்றாள். அன்று பேசியவர் ஒரு டாக்டர். காவிரியில் வெள்ளம் போன ஒரு நாள் பரிசலில் அக்கரைக்குப் போய்ப் பிரசவம் பார்த்ததைச் சொல்லியிருந்தார்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான். நேரம் ஆயிடுச்சுன்னு நிறுத்திட்டாங்க."

"புள்ள பொழச்சுதா?"

"பொழச்சுதாம்."

அந்த வாரம் முழுக்க அவள் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். அடுத்து வந்தவர் ஒரு தலைமையாசிரியை. சைக்கிளில் பள்ளிக்கூடம் போனதற்காகத் தெருவில் கல்லெறி வாங்கியவர். அதைக் கேட்டுத் தங்கை பக்கத்து வீட்டு சைக்கிளைக் கேட்டு வாங்கி, உத்தர வீதியில் விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். பிறகு ஒரு அச்சக உரிமையாளர், ஒரு வழக்கறிஞர். நிகழ்ச்சி முடிந்ததும் நான் ஏறக்குறைய ஓடுவேன். வாசலிலேயே காத்திருப்பாள். செருப்பைக் கழற்றக்கூட விடமாட்டாள். "இன்னிக்கு யாரு?" என்று கேட்பாள். ஒரு ராஜ்யத்தை மடித்துச் சட்டைப் பையில் கொண்டுவந்தவன்போல நோட்டைப் பிரிப்பேன். அந்த மாதங்களில் இருந்ததுபோல நான் என்றுமே உற்சாகமாக இருந்ததில்லை.

ஒரு நாள் அணைக்கட்டு வேலைகளில் இருந்த ஒரு பெண் பொறியாளர் பேசினார். முதல் நாள் வேலையிடத்துக்குப் போனபோது மேஸ்திரி அவரைப் பார்த்து, "யாரம்மா, வீட்டுக்காரருக்குச் சோறு கொண்டாந்தீங்களா?" என்று கேட்டாராம். என் கை பறந்தது. முடிக்கும்போது அவர் ஒரு தகவல் சொன்னார். திருச்சியிலேயே ஒரு பாலிடெக்னிக்கில் கட்டட வரைபடப் படிப்புக்கு இந்த ஆண்டு பெண்களையும் சேர்க்கிறார்கள், எஸ்.எஸ்.எல்.சி. போதும், இந்த மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்றார். சுருக்கெழுத்தில் அது நாலு வரி.

அன்றும் தங்கை வாசலில் நின்றிருந்தாள். மேஸ்திரி கதையை வாசித்தேன். குதித்தாள். மொட்டைக் கோபுரம் இருந்த திசையைக் காட்டி, "அண்ணே, இத வரைஞ்சவன் மிச்சத்த எங்க வச்சிருப்பான்? குடுத்தா நான் கட்டி முடிச்சிருவேன்" என்றாள்.

கடைசி நாலு வரி வந்தது. "அவ்வளவுதான்" என்று நோட்டை மூடினேன்.

ஏன்? அப்பா தடுப்பார் என்று பயந்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு அந்தப் படிப்புக்கு நானும் விண்ணப்பித்திருந்தேன். கணக்கு மதிப்பெண் போதாதென்று என்னைச் சேர்க்கவில்லை. எனக்குக் கிடைக்காத பெஞ்சில் என் தங்கை உட்காருவாள் என்ற நினைப்பை என்னால் தாங்க முடியவில்லை. கேட்டபடி எழுதியது கை. விழுங்கியது வாய்.

அந்த ஒரு வருடத்தில் அவளை மூன்று முறை பெண் பார்க்க வந்தார்கள். மூன்று முறையும் காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். பெண் உயரம் அதிகம் என்று ஒரு வீட்டார் போனார்கள். மற்ற இரு வீட்டாரும் காரணம் சொல்லவில்லை. யாராவது ஒருவர் தலையசைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

எனக்குச் சுருக்கெழுத்தில் உயர்நிலைத் தேர்வு வந்தது. வீட்டில் யாராவது வாசிக்க, நான் எழுத, பிறகு ஒத்துப்பார்க்க வேண்டும். தங்கைக்கே சுருக்கெழுத்தைக் கற்றுக்கொடுத்தேன். நான் ஆறு மாதத்தில் கற்றதை அவள் இரண்டு மாதத்தில் பிடித்தாள். "படிச்சுப் பழக இன்னும் ஏதாச்சும் குடு" என்று கேட்டாள்.

"அந்தப் பழைய நோட்டெல்லாம் அலமாரியில கெடக்கு. எடுத்துப் படி" என்றேன். நானேதான் சொன்னேன்.

மறுநாள் நோட்டோடு வந்தாள். என் முன்னால் விரித்து ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

"இத எனக்குப் படிக்கத் தெரியல. நீ படி."

அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நான் வாசித்தேன். நாலு வரி.

"மூணு தட்டு தூக்கினேண்ணே," என்றாள். அவ்வளவுதான். அழவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டும் பெண்களைச் சேர்த்தார்கள். விண்ணப்பத்தைத் தானே நிரப்பினாள். அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தவன் நான். வாதாடி வாங்கினேன். அதனால் வீட்டில் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. "அண்ணன் இல்லேன்னா இந்தப் பொண்ணு அடுப்படியில கெடந்திருக்கும்" என்று மண்டியில் உடன் வேலை பார்க்கிறவர்களிடம் அப்பா சொல்லுவார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வகுப்பில் நான்கு பெண்கள். தினமும் காவிரிப் பாலம் தாண்டி பஸ்ஸில் போனாள். தேறி, பாசன அலுவலகம் ஒன்றில் வரைவாளராகச் சேர்ந்தாள். அறுபதுகள் முடியும் தறுவாயில் ஒரு நாள் மாதர் நிகழ்ச்சியில் பேச அவளையே அழைத்தார்கள்.

அப்பாவுக்கு அப்போது நடக்க முடியாது; வீட்டில் இன்னும் வானொலி வரவில்லை. "ஒரு எழுத்து விடாம எழுதிக்கிட்டு வா" என்றார். நான் அதே காபி கிளப்பில், அதே பெஞ்சில், புதுப் பென்சிலோடு உட்கார்ந்தேன். முதலாளி சமையல்காரரைக்கூட வெளியே கூப்பிட்டு நிறுத்தியிருந்தார். பெட்டியிலிருந்து அவள் குரல் வந்தது. எப்படி இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று கேட்டார்கள்.

"எங்க அண்ணன் இந்த நிகழ்ச்சிய எழுதிக்கிட்டு வந்து படிச்சுக் காட்டுவாரு. அதுல வந்தவங்க எல்லாரையும் பாத்துதான் எனக்கு ஆசையே வந்துச்சு," என்றாள். பிறகு சிரித்தாள். "ஒரு தடவ மட்டும் நாலு வரிய விட்டுட்டாரு. எனக்கு ஒரு வருஷம் போச்சு. கேட்டுக்கிட்டிருக்கிற பொண்ணுங்களுக்கு ஒண்ணு சொல்றேன். உங்களுக்காக வேற யாரையும் படிக்க விடாதீங்க. நீங்களே படிங்க."

என் கை நிற்கவில்லை. எழுதிக்கொண்டே போனது. முடிந்ததும் முதலாளி என்னைப் பார்த்தார். ஒரு காபியை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். நான் அதைக் குடிக்கவில்லை. ஓடினேன்.

அப்பா சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அம்மா அடுக்களை நிலையில் நின்றாள். வாசித்தேன். "எங்க அண்ணன்" என்ற இடத்தில் அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த வரி கண் முன்னே இருந்தது. விட்டுவிட்டால் அவருக்குத் தெரியப்போவதில்லை. தங்கையும் சொல்லமாட்டாள். அந்த எழுத்து எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

வாசித்தேன்.

அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றது. "திரும்பப் படி."

திரும்ப வாசித்தேன்.

"நெசமா?"

"நெசம்ப்பா. வேணும்னே விட்டேன்."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு மண்டிக்காரர்கள் வந்தால் அவர் என்னைப் பற்றிப் பேசவும் இல்லை. அன்று ஒன்றுதான் சொன்னார்.

"மிச்சத்தையும் படி."

மிச்சத்தில் முக்கொம்புக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் இருந்தது. அதற்கு அவள் வரைந்த மதகு இருந்தது. அதைத் திறந்த நாளில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரையில் நின்றிருக்கிறாள். கதவு மேலே ஏற ஏற, தண்ணீர், வரைபடத்தில் அவள் கோடு போட்ட இடத்தில், போட்டபடியே போனதாம். ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன்.