நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்

அந்தப் புடவையை நாங்களே திருடி வைத்துக்கொண்டிருந்தால்கூட அது பிழைத்திருக்கும். நான் போலீஸில் ஒப்படைத்தேன்.

அப்போது ஏழாம் வகுப்பு. அப்பாவுக்கு ஆட்டோ, பெரிய காஞ்சிபுரத்துக்கும் சின்ன காஞ்சிபுரத்துக்கும் நடுவே நாளெல்லாம் ஓடும். ஒரு சாயங்காலம் வண்டியைத் துடைக்கும்போது சீட்டுக்குப் பின்னால் ஒரு பை கிடைத்தது. உள்ளே வெள்ளை வேட்டித் துணியில் சுற்றிய பட்டுப்புடவை. மாம்பழ நிறம், பச்சை பார்டர். கடைப்பெட்டி இல்லை, பில் இல்லை. மத்தியானம் பிள்ளையார்பாளையத்தில் இறங்கிய அம்மாவுடையதாகத்தான் இருக்கும், காலையில் அந்தத் தெருவில் போய்க் கேட்டால் தெரிந்துவிடும் என்றார் அப்பா.

நான் விடவில்லை. முந்தின வாரம்தான் எங்கள் பள்ளி பிரேயரில் ஒரு பெண் எஸ்.ஐ. வந்து பேசியிருந்தார். கண்டெடுத்த பொருளைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதுதான் நல்ல குடிமக்களுக்கு அழகு என்று அவர் சொன்னதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். தெருவில் போய்க் கேட்டால் யாராவது பொய் சொல்லி வாங்கிக்கொள்ளமாட்டார்களா என்று வாதாடினேன். நீங்கள் வராவிட்டால் நானே போகிறேன் என்று கழற்றிப் போட்ட யூனிஃபார்மை மறுபடி மாட்டிக்கொண்டேன். என்னோடு வாதாடி ஜெயித்துப் பழக்கமில்லாத அப்பா வண்டியை எடுத்தார்.

ஸ்டேஷனில் எங்களுக்கு டீ வந்தது. இன்ஸ்பெக்டர் புடவையை என் இரண்டு கைகளிலும் விரித்து வைத்துப் போட்டோ எடுக்கச் சொன்னார். ஓரமாக நின்ற அப்பா, கொடுத்ததற்கு ஒரு சீட்டு எழுதித் தருவீர்களா என்று மெதுவாகக் கேட்டார்.

"இன்னாபா, எங்க மேலயே சந்தேகமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அப்பாவை நினைத்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் பேப்பரில் கலர் படம் வந்தது. பள்ளியில் மேடையேற்றிக் கைதட்டினார்கள்.

மூன்றாம் நாள் அந்த அம்மா ஆட்டோ ஸ்டாண்டில் அப்பாவைக் கண்டுபிடித்துவிட்டார். தறி நெய்கிறவர். கூலிக்கு நெய்கிற புடவைகளுக்கு நடுவே, மகள் கல்யாணத்துக்கென்று தனக்குத்தானே நெய்துகொண்டது அது. சம்பந்தி வீட்டில் காட்டிவிட்டுத் திரும்பும்போது வண்டியிலேயே விட்டுவிட்டார். கல்யாணத்துக்கு இன்னும் பதினோரு நாள். அப்பா அவரை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். எனக்கு நன்றி சொல்வாரே என்று நானும் தொற்றிக்கொண்டேன்.

அங்கே எழுத்து வேலை பார்க்கும் ஏட்டை ரைட்டர் என்பார்கள். அவர் பில் கேட்டார்.

"நான் நெஞ்ச பொடவைக்கு எனக்கு யாரு சார் பில்லு குடுப்பாங்க?"

நிறத்தைச் சொன்னார். அதுதான் பேப்பரிலேயே வந்துவிட்டதே, உனக்கு முன்னால் மூன்று பேர் வந்து இதே நிறத்தைச் சொன்னார்கள் என்றார் ரைட்டர். என் படத்தைத்தான் சொல்கிறார் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. முந்தியிலிருந்து ஒரு முழம் உள்ளே, பார்டர் ஓரமாக, இழை அறுந்து தான் போட்ட முடிச்சு ஒன்று இருக்கும், தடவினாலே தெரியும், பிரித்துப் பாருங்கள் என்று அந்த அம்மா கெஞ்சினார். பைக்குச் சீல் வைத்தாயிற்று, கோர்ட் உத்தரவில்லாமல் தொட முடியாது என்றார் ரைட்டர். அந்த அம்மா சொல்வது நிஜமா பொய்யா என்பதற்கான பதில் எட்டடி தூரத்தில் ஒரு அறைக்குள் இருந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

கடைசியாக ஒன்று கேட்டார். "நான் எடுத்துக்கினு போவல சார். மாசத்துக்கு ஒருவாட்டி மடிப்ப மட்டும் மாத்தி வெச்சிடுங்க. ஒரே மடிப்புல கெடந்தா பட்டு அறுந்துடும்."

"இங்க இன்னா துணிக்கடையா நடத்துறோம்?" என்றார் ரைட்டர். அவருக்கு அது நகைச்சுவை.

வெளியே வந்ததும் அந்த அம்மா என் கன்னத்தைத் தொட்டார். "ஒங்கப்பாகிட்டயே இருந்திருந்தா வாங்கிக்கினு போயிருப்பேனே கண்ணு." நன்றி என்ற சொல் வரவேயில்லை. எனக்கு முகம் சுண்டிவிட்டது.

மகள் வேறு புடவையில் மணையேறினாள். மனு, வாய்தா, தறி தன்னுடையதுதான் என்பதற்கு ஒரு சான்று, அந்தச் சான்று சரி என்பதற்கு இன்னொரு சான்று. அப்பா எத்தனையோ நாள் சவாரியை விட்டுவிட்டு அவரை ஏற்றிக்கொண்டு அலைந்தார். புடவையை எடுத்துக்கொள்ளச் சொல்லி உத்தரவு வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. அந்த மகளின் குழந்தை நடக்கத் தொடங்கியிருந்தது.

பறிமுதல் செய்த தண்ணீர் மோட்டார் ஒன்றுக்கு அடியிலிருந்து பையை இழுத்தெடுத்தார்கள். அறையின் கூரை ஒழுகி, இரண்டு மழைக்காலம் நனைந்து காய்ந்து விறைத்திருந்தது. அந்த அம்மா மேசைமேல் வைத்துப் பிரித்தார். மடிப்புக்கு மடிப்பு அறுந்து, ஒவ்வொரு அறுப்பு வழியாகவும் மேசை தெரிந்தது. ஜரிகை கறுத்திருந்தது. அவர் அழவில்லை. முந்தியிலிருந்து ஒரு முழம் அளந்து, விரலால் தடவி, நின்றார்.

"இதோ சார், முடிச்சு."

ரைட்டர் நிமிரவில்லை. நோட்டைத் தள்ளினார். அதில் எழுதியிருந்ததை நான் உரக்கப் படித்தேன்: பொருளை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன். நல்ல நிலையில் இல்லையே, கையெழுத்துப் போடாதீர்கள் என்றேன். படிக்கத் தெரிந்த திமிர்.

"அப்ப இருக்கட்டும்மா. அதுக்கும் ஒரு மனு எழுதிக் குடு. பொருள் இங்கயே இருக்கும்" என்றார் ரைட்டர், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு.

அப்பா என் தோளை அழுத்தினார். அந்த அம்மா பேனாவை வாங்கி, எழுத்தெழுத்தாகத் தன் பெயரை எழுதினார்.

ரைட்டர் மேல் வந்திருக்க வேண்டிய கோபமெல்லாம் எனக்கு அந்த அம்மா மேல்தான் வந்தது. பொய் என்று தெரிந்தே கையெழுத்துப் போடுகிறாரே, இவ்வளவு பயமா என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்த அந்த அம்மா புடவையை மடியில் போட்டு, அறுந்த இடங்களை விலக்கி விலக்கி, புதிய மடிப்பாக மடித்துக்கொண்டே வந்தார். கிழிந்து போனதை எதற்கு இத்தனை பத்திரமாக மடிக்கிறார் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.